கோமாளி மீன்களை வகை கலந்து ஒரே தொட்டியில் விட வேண்டாம்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தங்கள் நாளிதழின் ஞாயிறு இணைப்பில், வீட்டில் கடல்நீர் மீன் தொட்டி அமைப்பது பற்றி அண்மையில் வெளிவந்த கட்டுரையைப் படித்தேன். உப்பின் அடர்த்தியை அளப்பது, தண்ணீரில் ஒரு பகுதியை அவ்வப்போது மாற்றுவது, தொட்டியை நிரப்பிய கையோடு மீனை விட்டுவிடாமல் சில வாரங்கள் பொறுத்திருப்பது ஆகியவற்றைக் கட்டுரையாளர் சரியாகவும் எளிமையாகவும் விளக்கியிருந்தார். நன்னீர்த் தொட்டியிலிருந்து கடல்நீர்த் தொட்டிக்கு மாற நினைப்பவர்களுக்குத் தமிழில் படிக்கக் கிடைப்பது குறைவு என்பதால் அக்கட்டுரையை மனமார வரவேற்கிறேன். ஆனால் அதன் இறுதிப் பகுதியில், கோமாளி மீன்கள் சாதுவானவை என்றும், வகைக்கு ஒன்றாக நான்கைந்து வாங்கி விட்டால் மூன்றடித் தொட்டியே வண்ணமயமாகிவிடும் என்றும் சொல்லப்பட்டிருந்தது. பக்கத்தில், ஆரஞ்சும் கருஞ்சிவப்பும் மஞ்சளுமாகப் பல வகைக் கோமாளி மீன்கள் ஒன்றாக நிற்கும் படமும் இடம்பெற்றிருந்தது. இந்த யோசனை தவறானது. இதைப் பின்பற்றினால் மீன்கள் அடிபட்டுச் சாகும். கடல்நீர்த் தொட்டிகளை நீண்ட காலமாக வைத்திருப்பவன், பிறர் வீட்டுத் தொட்டிகளையும் பராமரித்துக் கொடுப்பவன் என்ற முறையில், இதற்கு ஒரு திருத்தம் வெளியிடுமாறு கேட்டுக்கொள்கிறேன். அதற்கான காரணங்களைச் சற்று விரிவாகவே எழுதுகிறேன்; நீளத்தைப் பொறுத்தருள்க.

கோமாளி மீன்களில் ஏறத்தாழ முப்பது இனங்கள் உள்ளன. அவை அனைத்தும் கடலில் கடல் சாமந்திகளை, அதாவது பூப்போல விரிந்த, கொட்டும் கைகளுள்ள விலங்குகளை, அண்டி வாழ்பவை. உலகில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட கடல் சாமந்தி இனங்கள் இருந்தாலும், கோமாளி மீன்களுக்கு இடம் கொடுப்பவை பத்து இனங்கள்தாம். ஆகவே இந்த மீனுக்கு வீடு என்பது எளிதில் கிடைக்காத சொத்து. கிடைத்த ஒரு சாமந்தியை விட்டு அது அதிக தூரம் போவதில்லை. அதை விட்டு விலகினால் பெரிய மீன்களுக்கு இரையாக நேரும். அந்த இடத்தைக் காப்பதற்காகத் தன்னைவிடப் பல மடங்கு பெரிய உயிரையும், முக்குளிப்பவரின் கையையும்கூடப் பாய்ந்து கடிக்கும். வெளியிலிருந்து பார்ப்பவருக்குச் சாதுவாகத் தோன்றும் இந்த மீனின் இயல்பில் மிக ஆழமாகப் பதிந்திருப்பது இடத்தைக் காக்கும் குணமே.

ஒரு சாமந்திக்குள் வாழும் கூட்டத்துக்கென்று கண்டிப்பான படிநிலை உண்டு. கூட்டத்தில் மிகப் பெரியது பெண். அடுத்த பெரியது இனப்பெருக்கம் செய்யும் ஆண். மற்றவை வயதாகியும் பருவமடையாமல் காத்திருக்கும் சிறியவை. எல்லாக் கோமாளி மீன்களும் முதலில் ஆணாகவே வளர்கின்றன. பெண் இறந்துவிட்டால் அதன் துணையான ஆண் பெண்ணாக மாறுகிறது. காத்திருந்தவற்றுள் பெரியது ஆணின் இடத்துக்கு உயர்கிறது. 1977இல் ஹான்ஸ் ஃபிரிக்கேயும் சிமோன் ஃபிரிக்கேயும் இந்தப் பால்மாற்றத்தை ஆதிக்கத்தோடு இணைத்து விளக்கினர். ஒரு முறை பெண்ணாகிவிட்ட மீன் மறுபடியும் ஆணாவதில்லை என்பதை மீன் வாங்குவோர் நன்றாக மனத்தில் கொள்ள வேண்டும். தனியாக வளர்ந்து பெரிதான மீன் பெரும்பாலும் பெண்ணாகவே இருக்கும். அப்படிப்பட்ட இரண்டை ஒரே தொட்டியில் விடுவது, விட்டுக்கொடுக்க வழியே இல்லாத இரண்டு அரசிகளை ஓர் அறைக்குள் பூட்டுவதற்குச் சமம்.

படிநிலை எவ்வளவு கண்டிப்பானது என்பதை 2003இல் பீட்டர் பஸ்டன் வெளியிட்ட ஆய்வு தெளிவாகக் காட்டியது. பாப்புவா நியூ கினியாவில் பெர்குலா என்ற கோமாளி மீன் வகையைக் கவனித்த அவர், கூட்டத்தில் ஒவ்வொரு மீனும் தனக்கு மேலுள்ளதைவிடக் குறிப்பிட்ட அளவு சிறியதாகவே இருக்கும்படி தன் வளர்ச்சியைக் கட்டுப்படுத்திக்கொள்கிறது என்று கண்டறிந்தார். மேலுள்ள மீனை எட்டிப்பிடிக்கும் அளவுக்கு வளர்ந்தால் அது போட்டியாகக் கருதப்படும், கூட்டத்திலிருந்து துரத்தப்படும். அதாவது, ஒரே இனத்துக்குள், ஒரே வீட்டுக்குள் காலங்காலமாக இருந்துவரும் உறுப்பினருக்கே உடல் அளவில் அடங்கியிருந்தால்தான் இடம் உண்டு. இதையெல்லாம் தெரிந்துகொண்ட பிறகு, வெவ்வேறு இனத்தைச் சேர்ந்த, ஏறக்குறைய ஒரே அளவுள்ள நான்கு மீன்களை ஒரு கண்ணாடிப் பெட்டிக்குள் விட்டு அவை ஒற்றுமையாக இருக்கும் என்று எப்படி எதிர்பார்க்க முடியும்?

கடலில் துரத்தப்படும் மீனுக்கு வெளியே போக இடம் உண்டு. அது பிழைக்கிறதா இல்லையா என்பது வேறு விஷயம். ஆனால் துரத்துவதோடு சண்டை முடிந்துவிடும். மூன்றடி நீளம், ஒன்றரை அடி அகலம், ஒன்றரை அடி உயரமுள்ள தொட்டியை விளிம்புவரை நிரப்பினாலே 190 லிட்டர் தண்ணீர்தான் பிடிக்கும். பாறையும் மணலும் போட்டபின் அதுவும் குறையும். ஒரு பெரிய கிளார்கியோ மெரூனோ (இரண்டும் கோமாளி மீன் வகைகள்) தன் இடமென்று கருதும் பரப்பு இந்தத் தொட்டி முழுவதையும் அடக்கிவிடும். துரத்தப்பட்ட மீன் ஓடி முடிக்கும் இடமும் துரத்துகிற மீனின் எல்லைக்குள்ளேதான் இருக்கிறது. அதனால் அங்கே சண்டை ஓய்வதே இல்லை.

எனக்குத் தெரிந்த ஒரு வீட்டில் நடந்ததைச் சொல்கிறேன். நகரத்துக் கடை ஒன்றில், ஒசெல்லாரிஸ் என்ற கோமாளி மீன் வகையில் இரண்டு வாங்கியவருக்கு, விரல் நீளம்கூட இல்லாத ஒரு மெரூனையும் சேர்த்துக் கொடுத்து, எல்லாம் ஒரே சாதி மீன்தான், பிரச்சினை வராது என்று சொல்லி அனுப்பியிருந்தார்கள். முதல் சில வாரங்கள் உண்மையிலேயே பிரச்சினை வரவில்லை. மூன்றும் ஒரே மூலையில் தூங்கின. பிறகு மெரூன் வேகமாக வளர்ந்தது. இடப்பக்கப் பாறையைத் தன்னுடையதாக்கிக்கொண்டது. அடுத்து பாறைக்கு முன்னால் இருந்த மணல் திட்டு. அடுத்து பம்பின் நீரோட்டம் படும் இடம். நான் தொட்டியைப் பார்க்கப் போனபோது இரண்டு ஒசெல்லாரிஸும் தண்ணீர் வழியும் பெட்டிக்குப் பக்கத்தில், மேல் மூலையில், ஒன்றையொன்று ஒட்டியபடி செங்குத்தாக நின்றுகொண்டிருந்தன. வால் துடுப்பின் நுனி நார்நாராகக் கிழிந்திருந்தது. செவுள்கள் வேகமாக அடித்துக்கொண்டிருந்தன. ஆர்டிமியா என்ற சிறு இறால் தீனியைப் போட்டதும் ஒன்று பாதித் தூரம் இறங்கி வந்தது. மெரூன் பாறையிலிருந்து புறப்பட்டது. இறங்கிய மீன் உடனே பக்கவாட்டில் சாய்ந்து தலையைப் படபடவென்று நடுக்கிக் காட்டியது. நான் அடங்கிவிட்டேன் என்று கோமாளி மீன் சொல்லும் முறை அது. கடலில் அந்தச் சைகைக்குப் பிறகு சிறிய மீன் விலகிப் போய்விடும், பெரியது திரும்பிவிடும். இங்கே விலகுவதற்கு இடமில்லை. சைகை காட்டிய மீன் கண் முன்னாலேயே நின்றுகொண்டிருந்ததால் மெரூன் மறுபடியும் மறுபடியும் பாய்ந்தது. கண்ணாடிக்கு அருகில் காதை வைத்தால் டக் டக் என்ற ஒலி கேட்டது. கோமாளி மீன் தாடையைச் சட்டென்று மூடிப் பற்கள் மோதுவதால் அந்த ஒலியை எழுப்புகிறது என்று 2007இல் கிளார்கி வகையில் ஆராய்ந்து கண்டுபிடித்திருக்கிறார்கள். ஒசெல்லாரிஸ்களில் சிறியது ஓர் இரவு தொட்டியை விட்டுத் துள்ளி வெளியே விழுந்து இறந்தது. மற்றதை வேறொரு தொட்டிக்கு மாற்றிய பிறகே அது சாப்பிடத் தொடங்கியது.

இந்த நிகழ்வில் அந்த வீட்டுக்காரரின் தவறு எதுவும் இல்லை. தண்ணீர் நன்றாக இருந்தது, தொட்டி சுத்தமாக இருந்தது, தீனியில் குறையில்லை. அவருக்குச் சொல்லப்பட்ட தகவல்தான் பிழை. அதே தகவல் பல்லாயிரம் பேர் படிக்கும் நாளிதழில் வருவதால்தான் இந்தக் கடிதத்தை எழுத வேண்டியதாயிற்று.

கடைத் தொட்டியில் பல வகைகளும் சேர்ந்து நிற்பதைக் கண்ணால் பார்த்தேனே என்று பலர் கேட்கிறார்கள். அங்கே நிற்பவை பெரும்பாலும் இரண்டு, மூன்று சென்டிமீட்டர் குஞ்சுகள். அவை பருவமடையாதவை, தமக்கென்று இடம் பிடிக்காதவை. நெருக்கமாக அடைத்து வைத்திருப்பதால் ஒரு மீன் மற்றொரு மீனைக் குறிவைத்துத் துரத்தவும் முடிவதில்லை. நாள்தோறும் மீன்கள் வருவதும் போவதுமாக இருப்பதால் எந்த மீனும் அங்கே காலூன்றுவதில்லை. அதே குஞ்சுகள் ஒருவர் வீட்டில் நிலையாகத் தங்கி, நன்றாகத் தின்று, ஓராண்டு வளர்ந்தபின் எப்படி நடந்துகொள்ளும் என்பதற்குக் கடைத் தொட்டி சான்றாகாது. கட்டுரையோடு வெளியான படமும் அப்படியே. ஒரு நொடியில் எடுத்த படம் அடுத்த ஆறு மாதத்தைக் காட்டாது.

எல்லா வகைகளும் ஒரே அளவு முரட்டுத்தனம் உள்ளவை அல்ல என்பதையும் சொல்லிவிட வேண்டும். மெரூன்தான் மிகவும் முரடு. அதன் பெண் 15 சென்டிமீட்டரையும் தாண்டி வளரும், கன்னத்தில் முள்ளும் உண்டு. தன் இனத்து ஆணையே கொன்றுவிடும் அளவுக்குக் கடுமையானது. அதற்கு அடுத்து டொமேட்டோவும் அதன் நெருங்கிய உறவான சின்னமனும். கிளார்கியும், நம் மன்னார் வளைகுடாவிலும் பாக் நீரிணைப் பகுதியிலும் கிடைக்கும் சேபேயும் நல்ல உடற்கட்டுள்ளவை. இளமையில் அமைதியாக இருந்து, பெரிதானதும் தொட்டியின் ஆட்சியைக் கையில் எடுத்துக்கொள்பவை. கண்ணாடியைத் துடைக்கக் கையை விட்டால் பெரிய பெண் கிளார்கி வந்து கடிப்பதை வளர்ப்பவர்கள் எல்லோரும் அறிவர். ஒசெல்லாரிஸும் பெர்குலாவும் ஒப்பீட்டளவில் மென்மையானவை. முதுகில் வெள்ளைக் கோடு ஓடும் ஸ்கங்க் வகைகள் இன்னும் பயந்த சுபாவம் உள்ளவை. ஆகவே மெரூனையும் ஒசெல்லாரிஸையும் சேர்ப்பதில் விளையும் கேடும், ஒசெல்லாரிஸையும் ஸ்கங்க்கையும் சேர்ப்பதில் விளையும் கேடும் ஒன்றல்ல. ஆனால் தங்கள் கட்டுரை இந்த வேறுபாட்டைத் தொடவே இல்லை. முரடையும் பயந்ததையும் ஒரே பட்டியலில் வைத்து, எல்லாவற்றிலும் ஒவ்வொன்று வாங்கலாம் என்றது.

ஒசெல்லாரிஸ், பெர்குலா இரண்டும் பார்வைக்கு இரட்டைப் பிள்ளைகள் போலிருப்பதால் தனியே ஒரு சொல். ஒசெல்லாரிஸின் முதுகுத் துடுப்பில் வழக்கமாக 11 முட்கள், பெர்குலாவில் வழக்கமாக 10. பெர்குலாவின் வெள்ளைப் பட்டைகளைச் சுற்றியுள்ள கருப்பு விளிம்பு தடித்திருக்கும். ஒசெல்லாரிஸ் அந்தமான் கடலிலிருந்து கிழக்கே ஜப்பானின் தென் தீவுகள் வரையும் வடமேற்கு ஆஸ்திரேலியா வரையும் வாழ்வது. பெர்குலாவின் தாயகம் பாப்புவா நியூ கினியா, சாலமன் தீவுகள், வனுவாட்டு, குயின்ஸ்லாந்தின் வடபகுதி. அந்தமானில் பிடித்த பெர்குலா என்று யாராவது விற்றால் அது ஒசெல்லாரிஸாகத்தான் இருக்க வேண்டும். இவ்விரண்டும் தொட்டியில் ஒன்றுக்கொன்று ஜோடி சேர்வதுண்டு, சண்டையில்லாமல் இருப்பதுமுண்டு. அப்படிச் சேர்ந்தால் பிறப்பவை கலப்பினக் குஞ்சுகள். பாப்புவா நியூ கினியாப் பக்கத்துக் கடலில் இரு வேறு இனங்கள் இயற்கையாகவே கலந்து பிறக்கும் வெள்ளைத் தலைக் கோமாளி மீனைப் போலக் கலப்பினம் ஒன்றும் அதிசயமல்ல. ஆனால் கலப்பின் விவரம் குறிக்கப்படாமல் அந்தக் குஞ்சுகள் சந்தைக்குப் போனால், அடுத்து வளர்ப்பவருக்குத் தம் கையிலிருப்பது எது என்றே தெரியாமல் போகும். சண்டையில்லை என்ற ஒரே காரணத்துக்காக இந்தக் கலப்பையும் நான் பரிந்துரைக்க மாட்டேன்.

இனி, வகை கலந்து வளர்ப்பதை ஆதரிப்பவர்கள் முன்வைக்கும் இரண்டு வாதங்களுக்கு வருகிறேன். இரண்டுக்கும் பின்னால் நல்ல ஆய்வுகள் இருப்பதால் அவற்றை ஒதுக்கிவிட முடியாது.

முதலாவது, இயற்கையிலேயே வெவ்வேறு கோமாளி மீன்கள் ஒரே சாமந்தியில் சேர்ந்து வாழ்கின்றனவே என்பது. உண்மைதான். 2016இல் வெளியான ஓர் ஆய்வில், இந்தோ பசிபிக் கடற்பரப்பில் 20 இடங்களில் பார்த்த 1,508 கோமாளி மீன்களில் 377, அதாவது நான்கில் ஒன்று, வேற்றினத்தோடு சேர்ந்து வாழும் குழுக்களில் இருந்தன. அந்தக் குழுக்களில் சண்டை அதிகரிக்கவில்லை என்றும் அந்த ஆய்வு கூறுகிறது. ஆனால் அதே ஆய்வு சொல்லும் மற்றச் செய்திகளையும் சேர்த்துப் படிக்க வேண்டும். இப்படிச் சேர்ந்து வாழ்வது ஏறக்குறைய முழுவதும் இந்தோனேசியா, பிலிப்பைன்ஸ், பாப்புவா நியூ கினியா உள்ளிட்ட பவள முக்கோணப் பகுதியில்தான் காணப்பட்டது. அதிலும், கோமாளி மீன் இனங்களின் எண்ணிக்கை சாமந்தி இனங்களின் எண்ணிக்கையை விஞ்சும் இடங்களில்தான். அதாவது வேறு வீடு இல்லாத நெருக்கடியில் பிறந்த ஏற்பாடு அது. மேலும், ஒரே சாமந்திக்குள் வலிய இனம் நடுவிலும் எளிய இனம் ஓரத்திலுமாக இடத்தைப் பங்கிட்டுக்கொள்கின்றன. என் கருத்தில் இதைவிட முக்கியமான ஒன்று உண்டு. ஆய்வாளர்கள் எண்ணியது, ஒத்துப்போய் அங்கேயே தங்கிவிட்ட மீன்களை. ஒத்துப்போகாதவை விலகிப் போயிருக்கும், அல்லது விலகியபின் இரையாகியிருக்கும். அவை கணக்கில் வருவதில்லை. கடலில் சேர்ந்து வாழும் இரு இனங்கள் தாமே தேர்ந்துகொண்ட அண்டை வீட்டார். தொட்டியில் அந்தத் தேர்வை நாம் செய்கிறோம், அதுவும் நிறத்தைப் பார்த்து.

இரண்டாவது வாதம் சற்று நுட்பமானது. ஜப்பானின் ஒகினாவாவில் உள்ள அறிவியல் தொழில்நுட்ப நிறுவனத்தில் நடந்த ஓர் ஆய்வு 2024இல் வெளியானது. முட்டையிலிருந்து ஆய்வகத்திலேயே வளர்க்கப்பட்டு, வேறு இனத்தைக் கண்ணாலும் பார்த்திராத இளம் ஒசெல்லாரிஸ்களின் முன்னால் பல இனக் கோமாளி மீன்களைச் சிறு கூண்டில் வைத்துக் காட்டினார்கள். தம்மைப் போலவே மூன்று வெள்ளைப் பட்டைகள் கொண்ட, தம் இனத்து மீனைத்தான் அவை மிகவும் தாக்கின. பட்டை வரைந்த பொம்மைகளைக் காட்டியபோதும், பட்டையே இல்லாததையும் ஒரு பட்டை உள்ளதையும்விட, இரண்டு, மூன்று பட்டைகள் உள்ளவற்றையே அதிகம் தாக்கின. இதைப் படித்துவிட்டு, வேறு வகைகளைச் சேர்த்தால்தான் சண்டை குறையும் என்று வாதிடுகிறார்கள். நான் இதிலிருந்து எடுத்துக்கொள்வது வேறு. ஒரு ஜோடி குடியேறிய தொட்டியில் அதே இனத்தின் மூன்றாவது மீனைக் கொண்டுவந்து விடுவது எல்லாவற்றிலும் கேடானது என்பதை இந்த ஆய்வு உறுதி செய்கிறது. ஆனால் ஒசெல்லாரிஸ் வேற்றினத்தைக் குறைவாகத் தாக்குகிறது என்பதால், அந்த வேற்றினம் ஒசெல்லாரிஸைத் தாக்காது என்று ஆகிவிடாது. ஆய்வில் கவனிக்கப்பட்டது ஒசெல்லாரிஸின் கோபம். வீட்டுத் தொட்டியில் உயிரைப் பறிப்பது மெரூனின் கோபமும் டொமேட்டோவின் கோபமும்.

பண்ணையில் பிறந்த மீன்களுக்கு இந்தக் குணம் மரத்துப்போய்விடும் என்ற நம்பிக்கையையும் அதே ஆய்வு தகர்த்துவிடுகிறது. முட்டையிலிருந்து ஆய்வகத்தில் வளர்ந்த மீன்களே யார் தம் இனம், யார் அந்நியர் என்று பட்டையை வைத்துப் பிரித்தறிந்து பாய்ந்தன.

அப்படியானால் வீட்டில் எப்படி வளர்ப்பது? ஒரு தொட்டிக்கு ஓர் இனம், அதிலும் ஒரு ஜோடி. தொடங்குபவர்களுக்கு ஒசெல்லாரிஸே ஏற்றது. இரண்டு இளம் குஞ்சுகளை, ஒன்று மற்றதைவிடக் கண்ணுக்குத் தெரியும்படி சற்றே பெரியதாகப் பார்த்து, ஒரே நேரத்தில் வாங்கி ஒரே நேரத்தில் விட வேண்டும். ஆணா பெண்ணா என்று கடைக்காரரைக் கேட்க வேண்டியதில்லை; பெரியது பெண்ணாகவும் சிறியது ஆணாகவும் தாமே ஆகிவிடும். முதல் நாட்களில் லேசான துரத்தலும் தலை நடுக்கமும் இருக்கும். துடுப்பு கிழியாமல், இரண்டும் தீனி எடுத்துக்கொண்டிருந்தால் கவலைப்பட வேண்டாம். ஏற்கெனவே பெரிதாகிவிட்ட தனி மீனுக்குத் துணை தேடுகிறவர்கள் அதைவிட மிகச் சிறிய, பருவமடையாத ஒன்றையே தேட வேண்டும். மெரூனுக்கு ஜோடி சேர்ப்பதென்றால், ஓட்டைகள் உள்ள ஒரு தடுப்பை நடுவில் வைத்து, பெண்ணின் வேகம் தணிந்ததைப் பார்த்த பிறகே தடுப்பை எடுக்க வேண்டும். அதற்குப் பிறகும் மாற்றிவிட இன்னொரு தொட்டி தயாராக இருக்க வேண்டும்.

ஒரு ஜோடி மட்டும் இருந்தால் தொட்டி வெறிச்சோடிப் போகாதா என்பவர்களுக்கு என் பதில், ஜோடியை உட்கார்ந்து பார்க்கச் சொல்வதுதான். நன்றாக வாழும் ஜோடி, ஒரு தட்டையான கல்லையோ தொட்டியின் சுவரையோ தேர்ந்தெடுத்து, வாயால் கடித்துக் கடித்துச் சுத்தம் செய்யும். பிறகு பெண் ஆரஞ்சு நிற முட்டைகளை வரிசை வரிசையாக ஒட்டிவிட்டுப் போகும். அதன்பின் காவல் பெரும்பாலும் ஆணுக்கு. துடுப்பால் விசிறித் தண்ணீரை ஓட விடுவதும், கெட்டுப்போன முட்டையை வாயால் பொறுக்கி எடுப்பதுமாக அது ஒரு வாரத்துக்கு மேல் அந்த இடத்தை விட்டு நகராது. நாளாக ஆக முட்டைகள் கருத்து, குஞ்சுகளின் கண்கள் வெள்ளிப் புள்ளிகளாக மின்னத் தொடங்கும். விளக்கை அணைத்தபின் இருட்டில் பொரிக்கும். இவை மிரட்டப்படாத, தன் இடம் தனக்கே என்று நிம்மதியாக இருக்கும் ஜோடியிடம் மட்டுமே பார்க்கக் கிடைப்பவை. இயற்கையில் பெர்குலா பெண் ஏறத்தாழ 30 ஆண்டுகள் வரை வாழக்கூடும் என்று 2007இல் மதிப்பிட்டிருக்கிறார்கள். நல்ல தொட்டியில் கோமாளி மீன்கள் இருபது ஆண்டுகளைக் கடந்தும் வாழ்கின்றன. நிறம் வேண்டுமென்றால், இடத்துக்குப் போட்டியிடாத கோபி, ஃபயர்ஃபிஷ், கார்டினல் போன்ற வேறு குடும்பத்து மீன்களைச் சேர்த்துக்கொள்ளலாம்.

ஆறடி, ஏழடித் தொட்டி வைத்திருக்கும் அனுபவசாலிகள் சிலர், ஒரு கோடியில் ஒசெல்லாரிஸ் ஜோடியையும் மறு கோடியில் ஸ்கங்க் ஜோடியையும் நீண்ட காலம் வைத்திருப்பதை நான் அறிவேன். நடுவில் பார்வையை மறைக்கும் பாறை, இரு முனையிலும் தனித்தனிப் புகலிடம், மென்மையான இனங்கள், தேவைப்பட்டால் அன்றே பிரித்துவைக்க வேறொரு தொட்டி ஆகிய எல்லாம் அவர்களிடம் இருக்கின்றன. பெரிய காட்சியகங்களில் ஒசெல்லாரிஸைக் கூட்டமாக வைத்திருப்பதும் பெரிய தொட்டியும் நாள் முழுதும் கவனிக்கும் ஆட்களும் இருப்பதால்தான். ஞாயிறு இணைப்பைப் படித்துவிட்டு முதல் தொட்டி வாங்கப் போகிறவருக்கு இவற்றை முன்னுதாரணமாகக் காட்டுவது முறையல்ல.

கடல் சாமந்தியைப் பற்றியும் ஒரு வார்த்தை. அது இருந்தால் மீன்கள் அதில் ஒதுங்கிச் சண்டையை மறந்துவிடும் என்று நினைப்பது நேர்மாறானது. காக்கத் தகுந்த சொத்து ஒன்று தொட்டிக்குள் வந்துவிட்டால் காவலும் கடுமையாகும். இரை பிடிக்க வரும் மீன்கள் இல்லாத தொட்டியில் கோமாளி மீனுக்குச் சாமந்தி அவசியமே இல்லை. சாமந்திக்கோ வலுவான வெளிச்சமும் நன்றாகப் பழகி முதிர்ந்த தண்ணீரும் அவசியம். கடலில் ஒரு சாமந்தியைப் பெயர்த்தெடுத்தால் அதை நம்பியிருந்த முழுக் குடும்பமும் வீடிழக்கிறது என்பதையும் வாங்குபவர்கள் நினைக்க வேண்டும். சேபே போன்ற மீன், கிட்டத்தட்ட ஒரே ஒரு சாமந்தி இனத்தை மட்டுமே நம்பி வாழ்வது.

ஏற்கெனவே வகை கலந்து வைத்திருப்பவர்கள் பார்க்க வேண்டிய அடையாளங்கள் இவை: மேல் மூலையிலோ பம்புக்குப் பின்னாலோ நாள் முழுதும் ஒண்டியிருப்பது, வாலும் துடுப்பும் கிழிவது, தீனிக்கு வராதது, நிறம் மங்குவது. இவற்றில் ஒன்றைக் கண்டாலும் காத்திருக்காமல் பிரித்துவிட வேண்டும். மிரண்டு களைத்த கோமாளி மீனைப் புரூக்கினெல்லா என்ற ஒட்டுண்ணி எளிதில் பிடித்துக்கொள்ளும். தோல் சளியாக உரிந்து, கவனிக்காமல் விட்டால் ஓரிரு நாளில் உயிர் போய்விடும். அடிபடும் மீனைத்தான் எடுக்க வேண்டும் என்பதில்லை. அடிக்கும் மீனை எடுத்துச் சில நாட்கள் வேறிடத்தில் வைத்து, பாறைகளை மாற்றி அடுக்கிய பின் திரும்ப விட்டால், மென்மையான இனங்களில் சில சமயம் சமாதானம் ஏற்படும். மெரூன், டொமேட்டோ ஆகியவற்றில் அந்த நம்பிக்கையும் வேண்டாம். அவற்றுக்குத் தனித் தொட்டியோ, நல்ல வேறு வீடோ பார்ப்பதே ஒரே வழி.

விற்பனையாளர்களிடம் எதிர்பார்ப்பது அதிகமில்லை. கொளத்தூர் போன்ற பெரிய வண்ண மீன் சந்தைகளில் தொழில் தெரிந்த வியாபாரிகள் பலர் இருக்கிறார்கள். வாங்குபவர் கேட்டால் சரியாகவே சொல்கிறார்கள். கேட்கத் தெரியாமல் வருபவருக்கும் அது தெரிய வேண்டும். ஒவ்வொரு கோமாளி மீன் தொட்டியின் மேலும் இனப் பெயர், முழு வளர்ச்சியில் எவ்வளவு பெரிதாகும், எந்த இனங்களோடு சேர்க்கக் கூடாது, பண்ணையில் பிறந்ததா கடலில் பிடித்ததா என்ற நான்கு விவரங்களைத் தமிழில் எழுதி ஒட்டினால் போதும். ராமநாதபுரம் மாவட்டம் மண்டபம் என்ற ஊரில் உள்ள மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிறுவனத்தின் மையமும், பரங்கிப்பேட்டையில் உள்ள அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் கடல் உயிரியல் மையமும் கோமாளி மீன்களைப் பொரிப்பகத்தில் இனப்பெருக்கம் செய்யும் முறைகளை நம் மாநிலத்திலேயே வகுத்துக் காட்டியவை. அப்படிப் பொரிப்பகத்தில் பிறந்த குஞ்சுகளை, இனம் குறித்து, வளர்ப்புக் குறிப்போடு ஜோடியாகவே விற்கும் வழக்கத்தை மீன்வளத் துறை ஊக்குவிக்க வேண்டும் என்று தங்கள் நாளிதழ் வாயிலாகக் கேட்டுக்கொள்கிறேன். ஒற்றை மீனாக விற்பதால்தான் அடுத்த முறை வருபவர் வேறு நிறத்தில் இன்னொன்றைக் கேட்கிறார்.

இப்படிக்கு,
தங்கள் நீண்டகால வாசகர்,
சென்னை